முதல் மெஷினுக்கு மூன்று கால் வைத்தவன்

புளி மண்டியாக இருந்த ஒரு ஷெட்டை ஒர்க்‌ஷாப்பாக மாற்றியவன் நான். கிரேன் வாங்க வழியில்லாத காலத்தில், கழித்துப் போட்ட லாரியின் பாகங்களை வைத்து பாரம் தூக்கும் கருவி செய்தவன் நான். தோல் அளக்கும் மெஷினுக்கு வெளிநாட்டு நரம்பு கிடைக்காதபோது, வேலூரில் பாட்மிண்டன் மட்டைக்கு நரம்பு கட்டுகிற கடையில் போய் சுருள் சுருளாக வாங்கி வந்து கட்டி ஓட்டிக் காட்டியவன் நான். என் கை பட்ட மெஷின்கள் கான்பூரிலும் கொல்கத்தாவிலும் நிற்கின்றன, கடல் தாண்டியும் நிற்கின்றன. படித்தது ஆறாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் பேரணாம்பட்டு வீட்டில் அம்மாவோடு உட்கார்ந்து பீடிக்கட்டுக்கு நூல் கட்டிக்கொண்டிருந்தேன். இவ்வளவையும் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். பெருமைப்பட வேண்டிய விஷயத்தை வேறு எதற்காகச் சொல்வார்கள்?

கம்பெனியின் விழா மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டார்கள். அவர்கள் கேட்காவிட்டாலும் எழுதியிருப்பேன். காரணம் ஒரு பலகை.

ஆம்பூர் பைபாஸில் இருக்கிற நம் கம்பெனியின் புதிய கட்டடத்தில், வாசலைத் தாண்டியதும் ஒரு கண்ணாடி அறை கட்டியிருக்கிறார்கள். அதற்குள் நாங்கள் செய்த முதல் மெஷின் நிற்கிறது. விழா நாளில் அதை ஓட்டிக் காட்ட வேண்டுமாம். இப்போதைய நிர்வாக இயக்குநர் அரவிந்த் தம்பி, நம் ஸ்தாபகர் ஹெலன் மேடத்தின் தங்கை மகன், எனக்குப் போன் செய்தார். "அங்கிள், உங்களைத் தவிர அதை எழுப்ப யாராலயும் முடியல" என்றார். போனேன். அறையின் பக்கத்தில் பித்தளைப் பலகை. அதில் இப்படி எழுதியிருந்தது: "வடிவமைப்பும் உருவாக்கமும்: ஹெலன் மேடம். உள்ளூர்த் தொழிலாளர்களின் உதவியுடன்."

நின்று இரண்டாம் முறை படித்தேன். உள்ளூர்த் தொழிலாளர். அதுதான் நான்.

"தம்பி, என் பேர் எங்க?"

"அங்கிள், எல்லார் பேரையும் போர்டுல போட முடியாதுல்ல?"

"எல்லார் பேரையும் யாரு கேட்டா? இதுக்கு மூணு கால் வெச்சவன் பேர் எங்கன்னு கேக்கறேன்."

"அதெல்லாம் அப்போ இருந்த டிசைன் டீம்ல..."

"அப்போ இருந்த டிசைன் டீமே நான் தான்பா! வேற யாரு இருந்தா அங்க? மேடம், நானு, அப்புறம் ஷெட்டுல ரெண்டு பெருச்சாளி."

தம்பி சிரித்தார். நல்ல பிள்ளை. ஆனால் சிரித்துவிட்டுப் போய்விட்டார். பலகை அப்படியே இருக்கிறது. அதை மாற்ற வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை. ஏன் மாற்ற வேண்டும் என்பதை, நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன், படித்துவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

நான் தொழில் கற்ற கதை நீளம், பயன் குறைவு. வெல்டிங் கடையில் தீப்பொறி தின்றேன். தோல் பதனிடும் டேனரிகளில், தோலைப் போட்டுச் சுற்றும் பெரிய மரப் பீப்பாய்களுக்கு, அதாவது டிரம்முக்கு, இரும்புப் பட்டை கட்டினேன். மெஷின் நின்றுபோனால் சைக்கிள் அனுப்பிக் கூப்பிடுகிற ஆளாக ஆனேன். பிறகு சொந்தக் கடை போட்டேன். அவ்வளவுதான்.

அந்தக் கடைக்குத்தான் ஹெலன் மேடம் ஒரு மொபெட்டில் வந்து இறங்கினார். வேலூரில் பள்ளிக்கூட வாத்தியார் மகள். எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு வெளியூரில் பெரிய வேலையில் இருந்தவர். அதை விட்டுவிட்டு, தோல் அளக்க மெஷின் செய்யப் போகிறேன் என்று வந்திருந்தார். ஊரில் அவரைப் பற்றி என்ன பேசினார்கள் என்று எழுதினால் மலரில் போட மாட்டார்கள்.

தோலைச் சதுர அடிக் கணக்கில்தான் விற்பார்கள். ஆட்டுத்தோல் வட்டமாகவும் இருக்காது, சதுரமாகவும் இருக்காது. கால், கழுத்து, வால் என்று மூலைக்கு மூலை நீட்டிக்கொண்டிருக்கும். அதன் பரப்பைக் கண்டுபிடிக்கத்தான் மெஷின். பழைய மெஷினில் சக்கரங்கள் வரிசையாக இருக்கும். தோல் படுகிற சக்கரம் மட்டும் சுற்றும், சுற்றியதைக் கூட்டி ஒரு முள் காட்டும். மேடம் நினைத்த மெஷினில் சக்கரமே கிடையாது. வரிசையாகக் கட்டிய நைலான் நரம்புகளின் மேல் தோல் படுத்துக்கொண்டு போகும். மேலே விளக்கு வரிசை, கீழே வெளிச்சத்தை உணர்கிற கண் வரிசை. தோல் எத்தனை கண்ணை மறைக்கிறது என்று எண்ணினால் அளவு வந்துவிடும்.

மேடம் ஒரு படத்தை நீட்டினார். "இந்த மாதிரி சட்டம் அடிச்சுத் தருவீங்களா?"

"அடிக்கலாம்மா. ஆனா நிக்காது."

"ஏன் நிக்காது?"

"இது ஓடுற மெஷினுக்குப் போட்ட படமில்ல. பீரோவுக்குப் போட்ட படம்."

வேறு யாராக இருந்தாலும் மொபெட்டைத் திருப்பியிருப்பார்கள். மேடம் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அப்போ நிக்கிற மாதிரி நீங்க வரைஞ்சு காட்டுங்க." தரையில் சாக்பீஸால் வரைந்தேன். குறுக்கே ஒரு ஆங்கிள் இரும்பு, முட்டுக்கொடுக்க இன்னொரு ஆங்கிள் என்று யானை ஏறினாலும் தாங்கும்படி வரைந்தேன். பார்த்துவிட்டுக் கேட்டார்: "நல்லா இருக்குது. இப்போ வெளிச்சம் எந்த வழியா கீழே இறங்கும்?"

விளக்குக்கு நேர் கீழே ஆங்கிளை வைத்திருந்தேன்.

அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, இந்த அம்மாவிடம் நம் பாச்சா பலிக்காது, அவருடையதும் நம்மிடம் பலிக்காது என்று. மறுநாளே கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு அவரோடு சேர்ந்தேன். என் மனைவி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

மேடம் வேலை வாங்குகிற விதத்தை இப்போதைய பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். சத்தம் போட மாட்டார். "ஏன் இப்படிப் பண்ணீங்க?" என்று ஒரு நாளும் கேட்டதில்லை. "என்ன பாத்தீங்க?" என்றுதான் கேட்பார். மெஷின் நின்றால், "என்ன பாத்தீங்க?" ஒருவன் கையைக் காயப்படுத்திக்கொண்டு வந்தாலும் முதலில் கட்டுப் போடுவார், அடுத்த கேள்வி அதேதான். பார்க்காததைச் சொன்னால் முகத்திலேயே கண்டுபிடிப்பார். "சரியாயிடுச்சு மேடம்" என்ற வார்த்தை அந்த ஷெட்டில் செல்லாது. சரியானதை ஓட்டிக் காட்ட வேண்டும்.

ஓட்டிக் காட்டுவதற்கு ஒரு முறை வைத்திருந்தார். வட்டமாக வெட்டிய ஒரு தகடு உண்டு. அதன் பரப்பு எவ்வளவு என்று கணக்குப் போட்டு வைத்திருப்பார். அதை மெஷினில் இடது ஓரம் விட வேண்டும், நடுவில் விட வேண்டும், வலது ஓரம் விட வேண்டும், பிறகு கோணலாக விட வேண்டும். எப்படி விட்டாலும் ஒரே எண் வர வேண்டும். தகட்டை விட்டவன் எண்ணைச் சத்தமாகச் சொல்வான். தகட்டைத் தொடாத வேறொருவன்தான் எழுத வேண்டும். மேடம் மெஷினுக்கு முதுகைக் காட்டி நின்று கேட்பார், எண் ஓடுகிற பக்கம் திரும்ப மாட்டார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "பாத்தா, எனக்கு வேணுங்கற எண்ணைத் தான் என் கண்ணு படிக்கும் முனிரத்தினம்" என்றார். இன்றும் நம் கம்பெனியில் தகடு ஓட்டும் இன்ஜினியர்கள் முதுகைக் காட்டி நிற்கிறார்கள். எதற்கு என்று பாதிப் பேருக்குத் தெரியாது. இப்போது தெரிந்துகொள்ளுங்கள்.

முதல் மெஷினை வாங்க முன்வந்தவர் பேரணாம்பட்டுப் பக்கம் டேனரி வைத்திருந்த ஒரு ஹாஜியார். வாக்குச் சுத்தமானவர், கண்டிப்பானவர். மெஷின் அவருக்குப் பிடித்தால் மற்ற டேனரிக்காரர்கள் வாங்குவார்கள், திருப்பி அனுப்பினால் ஒருவரும் தொட மாட்டார்கள். மேடத்தின் அப்பா வீட்டுப் பத்திரம் பேங்கில் இருந்தது. என் கடை பூட்டிக் கிடந்தது. அந்த ஒரு மெஷினில்தான் எல்லாம் தொங்கியது.

இறக்கி, நிறுத்தி, தகடு ஓட்டினோம். எண் பிசகவில்லை. ஹாஜியார் எல்லாருக்கும் டீ சொன்னார். டீ வருவதற்குள் வினை வந்தது.

அங்கே பழைய மெஷினில் தோல் அளக்கிற மேஸ்திரி கோதண்டன். அந்த வட்டாரத்தில் அளவுக்குப் பேர் போன ஆள். அவர் அன்று காலையில்தான் அளந்து முத்திரை குத்திய ஒரு கட்டுத் தோலைத் தூக்கி வந்து, எங்கள் மெஷினில் ஒவ்வொன்றாக விட்டார். ஒவ்வொன்றும் கம்மியாகக் காட்டியது. ஒன்றுகூட ஜாஸ்தி இல்லை.

ஹாஜியார் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "இன்னாம்மா இது? உங்க மெஷின் என் தோலைத் தின்னுதே?"

மேடம் தகட்டை எடுத்து மறுபடி விட்டார். சரியான எண்.

கோதண்டன் விடுவாரா? "தகடு இரும்பு மேடம். இது ஆட்டு உடம்புல இருந்தது. ரெண்டும் ஒண்ணா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஹாஜியார் சிரிக்கவில்லை. "பாருங்கம்மா, அடுத்த லோடு போறதுக்குள்ள இத சரி பண்ணுங்க. இல்லாங்காட்டி உங்க மெஷின நீங்களே எடுத்துக்கிட்டுப் போயிடுங்க. என்னால பேஜார் பட முடியாது."

வெளியே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் சொன்னேன், "மேடம், உள்ளே எண்ணைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு இருக்குதே, அதை ஒரு சுத்து ஏத்தி விட்டா முடிஞ்சுது கதை."

"திருப்பலாம். அப்படியே தகட்டைக் கொண்டுபோய்ப் பாலாத்துல போட்டுட்டு வந்துடுங்க. அதுக்கப்புறம் நமக்கு அது எதுக்கு?"

டீயை வாங்கிக்கொண்டு மேடம் கேட்டார்: "பழைய மெஷின்ல அவர் அளக்கும்போது நின்னீங்கல்ல. என்ன பாத்தீங்க?"

"என்னத்த பாக்கறது? எல்லா டேனரியிலயும் நடக்கறது தான். ஒரு ஆள் தோலைக் குடுப்பான், கோதண்டன் அந்தப் பக்கம் நின்னு இழுத்து வாங்குவாரு."

"இழுத்தா?"

"இழுக்காம எப்படி? அதுக்குத் தான மேஸ்திரி! கை நல்லா இருக்கிற மேஸ்திரி இழுத்தா தோல் நல்லா விரியும், எண்ணு ஏறும். அப்புறம் தோல் தானா சுருங்கிக்கும். கோதண்டனுக்கு ஏன் இவ்வளவு பேர்ன்னு நெனைக்கறீங்க?"

மேடம் டம்ளரைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்தார். எங்களுக்கெல்லாம் அது பிறந்ததிலிருந்து பார்த்த வழக்கம். சுடு தண்ணீருக்குச் சூடு எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்பார்களா? வேலூரில் இருந்து வந்த மேடத்துக்கு மட்டும்தான் அது புதுச் செய்தி.

"வாங்குற ஷூ கம்பெனிக்கு இது தெரியுமா?"

"தெரியாம? அவங்க கழிச்சுக்குவாங்க."

"எவ்வளவு கழிக்கணும்னு யார் சொல்றது?"

"அவங்க தான்."

"அப்போ ஹாஜியார் இழுக்கறது கையளவு, அவங்க கழிக்கறது முழத்தளவா இருந்தா?"

இத்தனை காலம் அந்த வழக்கத்துக்குள் இருந்தவர்களில் ஒருவருக்கும் இந்தக் கேள்வி தோன்றவில்லை. அதைக் கேட்டவர் ஹெலன் மேடம். அந்தப் பெருமையில் எனக்குப் பங்கு வேண்டாம், முழுசும் அவருக்கே. விற்கிற இடத்திலும் வாங்குகிற இடத்திலும் ஒரே அளவு காட்டுகிற மெஷின் இருந்தால் இழுக்கவும் வேண்டாம், கழிக்கவும் முடியாது என்று அந்த பெஞ்சில் உட்கார்ந்தே முடிவு பண்ணிவிட்டார். ஹாஜியாரிடம் போய்ச் சொன்னார்: அடுத்த லோடை எங்கள் மெஷினில் இழுக்காமல் அளக்கலாம். ஷூ கம்பெனியில் போய் அவர்கள் கண் முன்னால் மறுபடி அளக்கலாம்.

"அங்க எதுல அளப்பீங்க?" என்றார் ஹாஜியார்.

"இதே மெஷின்ல. தூக்கிக்கிட்டுப் போவோம்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். ஹாஜியாரும் என்னைப் பார்த்தார். இங்கேதான் என் கதை ஆரம்பம்.

அந்த மெஷினுக்கு நான்கு கால். தரையில் ஒரு கால் கொஞ்சம் பள்ளத்தில் நின்றாலும் சட்டம் முறுக்கிக்கொள்ளும். சட்டம் முறுக்கினால் மேலே இருக்கிற விளக்கும் கீழே இருக்கிற கண்ணும் ஒன்றையொன்று பார்க்காது, அளவு கோணும். ஹாஜியார் டேனரியில் அதை நிறுத்த எனக்குப் பாதி நாள் பிடித்தது. தகரத் துண்டாகச் சொருகிச் சொருகி மட்டம் பண்ணினேன். டெம்போவில் ஏற்றி, குலுங்கக் குலுங்கக் கொண்டுபோய், முன்பின் தெரியாத தரையில் இறக்கினால் எப்படி நிற்கும்? மேடத்திடம் கேட்டேன். "எனக்குத் தெரியாது" என்றார். அப்படிச் சொல்ல வெட்கப்படாதவர் அவர்.

ஷெட்டில் உட்கார்ந்து யோசித்தேன். எதிரே ஒரு கிரைண்டர் ஸ்டாண்டு. எப்போதோ ஒரு கால் முறிந்துபோய், மிச்ச மூன்றை அகட்டி வெல்டு வைத்து விட்டிருந்தேன். முறிவதற்கு முன்பு எப்போதும் ஆடிக்கொண்டிருந்த ஸ்டாண்டு அது. முறிந்த பிறகு ஒரு நாளும் ஆடவில்லை. மேட்டில் வைத்தாலும் ஆடவில்லை, கல் மேல் வைத்தாலும் ஆடவில்லை. மூன்று கால் எந்தத் தரையிலும் உட்கார்ந்துவிடும். நான்காவதுதான் வம்பு பண்ணும்.

ஹாஜியார் டேனரிக்குப் போய் மெஷினின் நான்கு காலையும் அறுத்து எறிந்தேன். ஒரு பக்கம் அகலமாக இரண்டு, எதிர்ப்பக்கம் நடுவில் ஒன்று. காலுக்கும் சட்டத்துக்கும் நடுவில் லாரி டயரில் வெட்டிய ரப்பர். மேடம் வந்து பார்த்தபோது அறுத்த கால்கள் தரையில் கிடந்தன. முகம் வெளுத்துவிட்டது.

"யாரைக் கேட்டு அறுத்தீங்க?"

அவர் வாயிலிருந்து அந்த மாதிரிக் கேள்வி வந்தது அந்த ஒரு தடவைதான்.

"கேட்டிருந்தா வேணான்னு சொல்லியிருப்பீங்க. தகட்ட எடுத்துக் குடுங்க, ஓட்டிக் காட்டறேன்."

நானும் ஒரு உதவி ஆளுமாக மெஷினைத் தூக்கி, வாசலில் சரளைக் கல் மேல் வைத்தோம். மேடம் முதுகைக் காட்டி நின்றார். இடது, நடு, வலது, கோணல். நான்கு தடவையும் ஒரே எண், சத்தமாகச் சொன்னேன். மேடம் மெதுவாகத் திரும்பினார். மெஷினைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "இனிமே எல்லா மெஷினுக்கும் மூணு கால் தான்" என்றார்.

லோடு போகிற நாள் கோதண்டனையே தோல் போடச் சொன்னார் மேடம். இழுக்கக் கூடாது என்று நிபந்தனை. அவருக்கு அது கைகளைக் கட்டிப் போட்ட மாதிரி இருந்தது, முணுமுணுத்துக்கொண்டே போட்டார். ஒவ்வொரு தோலிலும் எண்ணைக் குத்தினோம். வெயில் பட்டால் தோல் சுருங்கும் என்பதால் தோல் கட்டுகளைப் பாலிதீன் தாளில் சுற்றினேன். டெம்போவில் மெஷின், பின்னால் லோடு, அதற்குப் பின்னால் ஹாஜியாரின் கார். ராணிப்பேட்டைப் பக்கம் இருந்த ஷூ கம்பெனி வாசலில் இறங்கினோம்.

அங்கே கொள்முதல் மேனேஜர் ஒருவர். எங்களைப் பார்த்ததும், "இன்னா ஹாஜியார், தோலோட சர்க்கஸும் கூட்டியாந்துட்டீங்களா?" என்றார்.

மெஷினை இறக்கினோம். அவர்கள் குடோன் தரை மேடும் பள்ளமும். வைத்தேன், நின்றது. மேடம் தகட்டை மேனேஜர் கையிலேயே கொடுத்து விடச் சொன்னார். எண் பிசகவில்லை.

"எண்ணு எதுவானாலும் இருக்கட்டும். எங்க கழிவு எப்பவும் போல தான்" என்றார் மேனேஜர்.

"எதைக் கழிக்கறீங்க சார்?" மேடம் கேட்டார்.

"இழுவையத் தான். இது தெரியாதா உங்களுக்கு?"

"யார் இழுத்தா? உங்க ஆளையே போடச் சொல்லுங்க."

அவர்களுடைய ஆளே கட்டைப் பிரித்துப் போட்டான். தோலின் பின்பக்கம் குத்தியிருந்த எண்ணைக் கோதண்டன் படிப்பார், மெஷினில் வருகிற எண்ணை அவர்கள் ஆள் படிப்பான். ஒன்று, அதே எண். இன்னொன்று, அதே எண். பத்துப் பதினைந்து தோல் போனதும் மேனேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஹாஜியார் என் தோளைத் தட்டினார். "அர்ரே முனிரத்தினம், ஊர் ரெண்டு, அளவு ஒண்ணுப்பா!"

அந்த லோடில் கழிவு போகவில்லை. ஹாஜியார் மெஷினை வைத்துக்கொண்டார், அங்கே ஓடி ஓய்ந்த பிறகுதான் அது கண்ணாடி அறைக்கு வந்தது. அடுத்த மெஷினைக் கேட்டது யார் தெரியுமா? அந்த மேனேஜர். அதன் பிறகு ஷெட் போதவில்லை. கோதண்டன் தன் கைக்கு இனி வேலை இல்லை என்று நொந்துபோயிருந்தார், மேடம் அவரை நம் கம்பெனிக்கே கூப்பிட்டுக்கொண்டார். தோலைச் சுருக்கம் இல்லாமல், இழுக்காமல் போடவும் கை வேண்டும். புது டேனரிகளில் போய் அதைச் சொல்லிக்கொடுக்க அவரை விட்டால் வேறு ஆள் கிடையாது. இன்று தோலில் கீறலையும் ஓட்டையையும் கேமரா வைத்துக் கண்டுபிடிக்கிற மெஷின் வரைக்கும் கம்பெனி வளர்ந்திருக்கிறது. அது முழுக்க மேடத்தின் தொலைநோக்கு. ஆனால் எந்த மெஷினை வேண்டுமானாலும் குனிந்து பாருங்கள், காலை எண்ணுங்கள்.

பலகையைப் பார்த்த அன்று மேடத்துக்குப் போன் போட்டேன். இப்போது வேலூரில் தங்கை வீட்டில் ஓய்வாக இருக்கிறார். விஷயத்தைச் சொன்னேன்.

"நான் ஒரு வார்த்தை சொன்னா உடனே உங்க பேரைப் போட்டுடுவாங்க முனிரத்தினம். ஆனா அது நான் தயவு பண்ணி வாங்கிக் குடுத்த பேரா ஆயிடும். உங்களுக்கு அது வேணுமா?"

"வேணாம்."

"அப்போ நீங்க செஞ்சதை நீங்களே எழுதுங்க. படிச்சுப் பாத்துட்டுப் போடட்டும்."

"எனக்கு எழுத எங்க மேடம் வருது?"

"பேச வருதுல்ல? இத்தனை வருஷமா நான் கேட்டுக்கிட்டுத் தானே இருக்கேன்."

அதனால் எழுதிவிட்டேன். எழுத்துப் பிழைகளைத் திருத்தியது என் மகள், ஆஸ்பத்திரியில் நர்ஸ். "நான், நான்னு ரொம்ப வருதுப்பா, கொஞ்சம் எடுத்துடட்டுமா?" என்றாள். ஒன்றைக்கூட எடுக்க விடவில்லை.

இப்போது என் கோரிக்கை. "உள்ளூர்த் தொழிலாளர்களின் உதவியுடன்" என்ற வரியை எடுத்துவிட வேண்டும். நான் உதவி செய்யவில்லை, மெஷின் செய்தேன். அந்த இடத்தில் இப்படி எழுத வேண்டும்: "கண்ணும் கணக்கும்: ஹெலன் மேடம். சட்டமும் மூன்று காலும்: பேரணாம்பட்டு முனிரத்தினம்." எழுத்து இரண்டு பேருக்கும் ஒரே அளவில் இருக்க வேண்டும்.

பலகை மாறும்வரை மெஷினைத் தொட மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. சரி செய்து வைத்துவிட்டேன், விழா நாளில் ஓடும். விருந்தாளிகள் கண்ணாடி அறையைச் சுற்றி நிற்பார்கள். அவர்களில் விவரம் தெரிந்த ஒருவராவது குனிந்து பார்த்து, இதற்கு ஏன் மூன்று கால் என்று கேட்பார். அதற்குப் பலகை பதில் சொன்னால் நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். சொல்லாவிட்டால் நான் சொல்வேன். டேனரியில் டிரம்கள் உருளும்போதே கடைசி ஆள் வரைக்கும் எட்டிய குரல் என்னுடையது. மைக் தேவைப்படாது.